மங்கலானது கடகமா, நம் ஊரா?

தினமும் காலையில் பேப்பரில் கடகத்தைப் பார்க்கிறோம். பணவரவு உண்டு, வாகனத்தில் கவனம் தேவை. வானத்தில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? எங்கள் நடைப்பயிற்சிக் கூட்டத்தில் கேட்டேன். பூசம் மூன்று பேர், ஆயில்யம் ஒருவர். ஒருவரும் பார்த்ததில்லை. "அது மங்கலான ராசியாச்சே சார், கண்ணுக்குத் தெரியாது" என்று ஒரு நண்பர் தீர்ப்பு எழுதிவிட்டார். அதற்கு மேல்முறையீடுதான் இந்தப் பதிவு.

பன்னிரண்டு ராசிகளில் கடகம் மங்கல்தான், ஒப்புக்கொள்கிறேன். அதன் மிகப் பிரகாசமான விண்மீனே 3.5 என்ற அளவில் இருக்கிறது (இந்தக் கணக்கில் எண் கூடினால் ஒளி குறைவு). ஆனால் நல்ல இருட்டில் மனிதக் கண் 6 வரை பார்க்கும். பிறகு எப்படித் தெரியாமல் போகும்? கடகத்தின் நடுவே, நம் பூசத்தை ஒட்டி, ஒரு விண்மீன் கூட்டம் இருக்கிறது. முழு நிலவைப் போல மூன்று மடங்கு அகலம். வெறும் கண்ணுக்குப் பஞ்சுப்பொட்டுப் போலத் தெரியும். 1610-இல் கலிலியோ தொலைநோக்கியில் பார்த்து, பஞ்சு அல்ல, நாற்பதுக்கும் குறையாத விண்மீன்கள் என்று எழுதினார். இன்றைய கணக்கில் ஆயிரம். பிரெஞ்சில் இதற்கு 'குரேஷ்' என்று பெயர். கிறிஸ்துமஸ் குடிலுக்குச் சொல்வோமே, அதே சொல்தான். மாட்டுத் தொட்டி என்று பொருள். இருபுறமும் நிற்கும் இரண்டு விண்மீன்கள் தீனி தின்னும் கழுதைகளாம். தெற்கே நிற்கும் கழுதைதான் நமக்குப் பூசம். பூச நட்சத்திரக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

எப்போது பார்ப்பது? ஆடி மாதம் கடக மாதம் என்பதால் ஆடியில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். சூரியன் கடகத்தில் இருப்பதால்தான் அது கடக மாதம். சூரியனோடு உதித்து சூரியனோடு மறையும் ராசியை எப்படிப் பார்ப்பது? சரி, தைப்பூசம்? அன்று முழு நிலவு பூசத்தின் பக்கத்திலேயே நிற்கும், மங்கலானதெல்லாம் அந்த ஒளியில் கரைந்துவிடும். நிலவைக் கும்பிட்டுவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள். அடுத்த அமாவாசையை ஒட்டி இரவு ஒன்பது மணிக்குக் கிழக்கில் நன்றாக ஏறியிருக்கும், பதினோரு மணிக்கு உச்சி. பங்குனித் தொடக்கத்தில் ஒன்பது, ஒன்பதேகாலுக்கே உச்சி. மேற்கே புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்கள், கிழக்கே மகம். இரண்டுக்கும் நடுவே, சற்றே புனர்பூசத்தை ஒட்டித் தேடுங்கள். நேராக முறைக்காமல் கொஞ்சம் ஓரக்கண்ணால் பார்த்தால் பொட்டு தெரியும்.

புதுச்சேரியில் அது தலைக்கு நேர் மேலே, எட்டு பாகை வடக்கில் வருகிறது. பாரிஸ்காரர்களுக்கு உச்சியிலிருந்து முப்பது பாகை சரிந்துதான் வரும். அப்படிச் சரிந்ததைத்தான் 1769 மார்ச்சில் மெஸ்ஸியே என்பவர் பாரிஸிலிருந்து பார்த்துத் தன் பட்டியலில் 44-ஆம் எண்ணாகச் சேர்த்தார். அதே ஆண்டு ஜூன் 4 அன்று நம் ஊரில் லெ ழாந்த்தி சூரியனைக் கடக்கும் வெள்ளியைப் பார்க்கக் காத்திருந்தார். மேகம் மறைத்துவிட்டது. பாவம். மேகத்தின் மீது யாரும் மனு போட முடியாது.

நமக்கு மேகம் அல்ல, விளக்கு. எங்கள் தெரு முனையில் ஓர் உயர்கோபுர விளக்கு வைத்தார்கள். பாதி வெளிச்சம் சாலைக்கு, மீதி ஆகாயத்துக்கும் என் படுக்கையறைக்கும். மின்கட்டணம் முழுவதற்கும் நாம்தான் கட்டுகிறோம். வெளிச்சம் இல்லாவிட்டால் பெண்கள் எப்படி நடமாடுவார்கள், திருடன் வரமாட்டானா என்று கேட்பார்கள். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை ஐயா, மேலே மூடி போடச் சொல்கிறேன். மேலே போகும் ஒளியைத் தரைக்குத் திருப்பினால் நடக்கிற பெண்ணுக்கு வெளிச்சம் கூடும். திருடனுக்கும் கஷ்டம். கண்புரை ஆப்பரேஷன் செய்த நம் போன்றவர்களுக்குக் கண்ணைக் குத்தாது. வெள்ளை எல்இடிக்குப் பதில் மஞ்சள் சாய்ந்த விளக்கு போட்டால் வானத்தில் சிதறுவதும் குறையும்.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. பிரான்சில் 2018 டிசம்பர் 27 தேதியிட்ட அமைச்சக ஆணையை மூலத்திலேயே படித்தேன். கட்டட முகப்பு அலங்கார விளக்குகள் இரவு ஒரு மணிக்குள் அணைய வேண்டும், கடைச் சன்னல் விளக்குகளும் அப்படியே. புதிய தெருவிளக்கின் ஒளி மேல்நோக்கிப் போகக்கூடிய அளவுக்கும், அதன் நிறத்துக்கும் வரம்பு உண்டு. பிரெஞ்சுக்காரனின் தெருப் பெயர்களை வைத்திருக்கிறோம், போலீசுக்குச் சிவப்புக் கெப்பி வைத்திருக்கிறோம், சுற்றுலாப் பயணி படம் எடுக்க மஞ்சள் சுவர் வைத்திருக்கிறோம். இந்த ஆணை மட்டும் கப்பல் ஏறவில்லை. நம் நாட்டிலேயே லடாக்கின் ஹான்லேயை 2022-இல் இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் பெரிய தொலைநோக்கி நிற்கிறது. இருட்டு அரசாங்கத்துக்குத் தெரியாத சரக்கல்ல. ஆனால் பூசத்தைப் பார்க்க மலை ஏறு என்று எழுபத்தைந்து வயதுக்காரரிடம் சொல்வது என்ன நியாயம்?

அதுவரை, பாகூர்ப் பக்கம் வயல்வெளி உள்ள உறவினர் வீட்டு மொட்டை மாடிக்குப் போங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் வேண்டும், கைப்பேசியைத் தொடாதீர்கள். பைனாகுலர் இருந்தால் பேரனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போங்கள். திரும்பி வந்ததும் மூடி கேட்டு உங்கள் தெருவின் பெயரில் மனு கொடுங்கள். எழுத வராதவர்கள் என்னிடம் வரலாம், வேலையில் இருந்த காலமெல்லாம் அதைத்தான் செய்தேன். பொருள் என்ற இடத்தில் 'தெருவிளக்குக்கு மூடி அமைத்தல்' என்று மட்டும் இருக்கட்டும். கடக ராசி என்று எழுதினால் கோப்பு கோயில் பிரிவுக்குப் போய்விடும்.