காசு கட்டி டவுன்லோடு செய்த பாட்டு யாருக்குச் சொந்தம்? விங்க் முதல் ஜப்பானின் 'சாக்கு-உத்தா' வரை

ஆவடியில் இருந்து காலை லோக்கலில் சென்ட்ரல் போகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். இதில் நெட்டும் விட்டுவிட்டு வந்தால் பாட்டு எங்கே கேட்பது? அதனால் வீட்டு வைஃபையிலேயே பாட்டை டவுன்லோடு செய்துகொண்டு கிளம்புவார்கள். அப்படி ஏற்றி வைத்த பாட்டெல்லாம் ஒருநாள் மொத்தமாக ஓடாமல் போனால்?

விங்க் மியூசிக் வைத்திருந்தவர்களுக்கு அது நடந்தது. 2014-ல் தொடங்கிய இந்த ஆப்பை மூடப்போவதாக 2024 ஆகஸ்டில் ஏர்டெல் அறிவித்தது. பயனாளர்களுக்கு ஆப்பிள் மியூசிக் சலுகை தரப்படும் என்றது. ஆனால், வருடக்கணக்கில் சேர்த்து வைத்த டவுன்லோடுகள்? அவை ஆப்போடு போயின. அதே ஆண்டு ஜனவரியில்தான் ரெஸ்ஸோ ஆப்பும் இந்தியாவில் கடையை மூடியிருந்தது.

போனில் இருக்கும் பாட்டு எப்படிக் காணாமல் போகும்?

'டவுன்லோடு' என்ற வார்த்தைதான் நம்மைக் குழப்புகிறது. ஸ்ட்ரீமிங் ஆப்பில் டவுன்லோடு செய்தால் போனில் வந்து உட்காருவது பூட்டு போட்ட ஒரு கோப்பு. சாவி ஆப்பிடம் இருக்கிறது. சந்தா உயிரோடு இருக்கிறதா என்று ஆப் அவ்வப்போது சர்வரைக் கேட்டுக்கொள்ளும். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது ஆன்லைனுக்கு வரவில்லை என்றால் டவுன்லோடு செய்த பாட்டுகள் ஓடாது. சந்தா முடிந்தாலும் அப்படித்தான். நாம் கட்டியது விலை இல்லை, வாடகை.

இது ஸ்ட்ரீமிங் காலத்தில் புதிதாக முளைத்த பிரச்சினை என்று நினைத்தால் தவறு. 'விலைக்கு வாங்கிய' பாட்டுக்கே இந்தக் கதி வந்த நாடு ஒன்று உண்டு.

ஜப்பானில் என்ன நடந்தது?

இந்தியாவில் பெரும்பாலானோர் கையில் செல்போனே இல்லாத 1999-ல், என்டிடி டோகோமோ நிறுவனம் ஐ-மோட் என்ற மொபைல் இன்டர்நெட்டை ஜப்பானில் கொண்டுவந்தது. முதலில் சூடுபிடித்தது கீ-போர்டில் வாசித்தது மாதிரியான ரிங்டோன்கள். அதில் இசையமைப்பாளருக்கு ராயல்டி போகும். ஒரிஜினல் ரெக்கார்டிங் பயன்படாததால் கேசட், சி.டி. போடும் கம்பெனிக்கு ஒன்றும் கிடைக்காது. எனவே, பெரிய இசை நிறுவனங்கள் சேர்ந்து 2001-ல் லேபிள் மொபைல் என்ற நிறுவனத்தைத் தொடங்கின. ரெக்கோசோக்கு என்று பின்னாளில் பெயர் மாறியது இதுதான்.

2002 டிசம்பரில் கேடிடிஐ நிறுவனத்தின் 'ஏயூ' சேவையில் 'சாக்கு-உத்தா' வந்தது. நம்ம ஊர் சாக்கு இல்லை. 'அழைப்பு வரும்போது ஒலிக்கும் பாட்டு' என்று பொருள். அசல் பாடகரின் குரலே ரிங்டோனாக ஒலிக்கும். 2004 நவம்பரில் முழுப் பாட்டையும் வாங்கும் வசதி வந்தது. ஒரு பாட்டு சுமார் 300 யென். கிரெடிட் கார்டு எதுவும் வேண்டாம், மாதாந்திர போன் பில்லிலேயே சேர்ந்துவிடும். ஸ்கூல் பிள்ளைகள்கூட வாங்கித் தள்ளினார்கள். 2009-ல் ஜப்பானின் டிஜிட்டல் இசை விற்பனை சுமார் 9,000 கோடி யென்னைத் தொட்டது. அதில் 80 சதவீதத்துக்கும் மேல் மொபைல் வழியாக வந்தது.

அடுத்த நான்கே ஆண்டில், 2013-ல், அது பாதிக்கும் கீழே இறங்கியது. ஐபோன் 2008-ல் ஜப்பானுக்கு வந்துவிட்டது, ஆண்ட்ராய்டும் பின்னாலேயே வந்தது. மக்கள் போனை மாற்றினார்கள். பழைய போனில் காசு கொடுத்து வாங்கிய பாட்டுகள் கூட வரவில்லை. போனோடும் நெட்வொர்க்கோடும் சேர்த்து அவை பூட்டப்பட்டிருந்தன. பழைய போன்களுக்கான விற்பனையை ரெக்கோசோக்கு 2016 டிசம்பரில் நிறுத்தியது. ஐ-மோடுக்கு கடைசி நாள் 2026 மார்ச் 31 என்று டோகோமோ அறிவித்தது.

டோகோமோ... எங்கேயோ கேட்ட பெயர்?

ஆமாம், அதே டோகோமோதான். டாடாவுடன் சேர்ந்து 2009-ல் இங்கே வந்தது, 'நொடிக்கு ஒரு பைசா' என்று மற்ற கம்பெனிகளையும் இறங்கிவர வைத்தது. விளம்பரத்தில் வரும் அந்த டியூன் பலருக்கு இன்னும் மனப்பாடம். ஆனால், ஜப்பான் மாதிரி முழுப் பாட்டு விற்கும் கடை இங்கே பெரிதாக வளரவில்லை. இங்கே காசு பார்த்தது காலர் டியூன். யோசித்தால் விசித்திரமான வியாபாரம் அது. பாட்டு நம் போனில் இருக்காது, நெட்வொர்க் கம்பெனியிடம் இருக்கும். காசு கட்டுகிறவர் அதைக் கேட்பதே இல்லை, கூப்பிடுகிறவர்தான் கேட்பார். அதற்கும் மாத வாடகை. கேட்காமலேயே ஆக்டிவேட் செய்து பேலன்ஸை எடுக்கிறார்கள் என்ற புகார்கள் குவிந்து, வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்க வேண்டும் என்று 2013-ல் டிராய் உத்தரவு போடும் அளவுக்குப் போனது.

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு ரோட்டில் போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே 2006 முதல் போன் தயாரித்த நோக்கியாவும் இசைக் கடை நடத்திப் பார்த்தது. தொழிற்சாலை 2014 நவம்பரில் நின்றது. நோக்கியாவின் மிக்ஸ்ரேடியோ இசை சேவை மைக்ரோசாஃப்ட் கைக்குப் போய், அங்கிருந்து ஜப்பானின் லைன் நிறுவனத்திடம் போய், 2016-ல் மூடப்பட்டது.

இதற்கெல்லாம் நடுவே நம்மூர் வழி ஒன்று இருந்தது. அம்பத்தூர் ஓ.டி.யிலும் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கமும் செல்போன் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் 'இளையராஜா ஹிட்ஸ்', 'ரஹ்மான் ஹிட்ஸ்' என்று ஏற்றித் தருவார்கள். பைரசிதான், இசையமைப்பாளருக்கு ஒரு பைசா போகாது. ஆனால், அந்த எம்பி3 இன்றைக்கும் எந்தப் போனில் போட்டாலும் ஓடும். நேர்மையாகக் காசு கட்டியவர் பாட்டை இழக்கிறார், கட்டாதவரிடம் அது பத்திரமாக இருக்கிறது. பைரசியை ஒழிக்கணும் என்று பேசும் நிறுவனங்கள் இதற்கு இன்னும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

ரொம்பப் பிடித்த பாட்டுகளை மட்டுமாவது விலைக்கு வாங்கி வைக்கலாம். 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த ஐடியூன்ஸ் ஸ்டோரில் வாங்கும் பாட்டுக்குப் பூட்டு கிடையாது, கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளலாம். சுயாதீனக் கலைஞர்கள் என்றால் பேண்ட்கேம்ப் இருக்கிறது. கூகுள் பிளே மியூசிக் 2020-ல் மூடப்பட்டபோது, விலைக்கு வாங்கியவர்களுக்குப் பாட்டைத் தரவிறக்கிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. வெறும் சந்தா கட்டியவர்களுக்கு அப்படி எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

ஸ்ட்ரீமிங்கே போதும் என்பவர்கள் ஒரு வருட பேக் போடும் முன் யோசிக்கலாம். பிளேலிஸ்ட்டின் பட்டியலையாவது தனியாக எடுத்து வைப்பது நல்லது. ஒரு ஆப்பில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் சேவைகள் இருக்கின்றன. ஆனால், அவை மாற்றுவது பாட்டின் பெயர்களைத்தான். புது ஆப்பில் அந்தப் பாட்டு இல்லையென்றால் அந்த வரி காலியாகத்தான் இருக்கும்.