நெய்த முழம் எத்தனை?

ஆண்டின் தொடக்கத்தில் நாட்குறிப்பின் முதற்பக்கத்தில் இரண்டு உறுதிகளை எழுதாத படித்தவர் மிகச் சிலரே. நாள்தோறும் நடப்பேன் என்பது ஒன்று. திங்கள்தோறும் இரண்டு நூல்கள் படிப்பேன் என்பது மற்றொன்று. எழுதுவது எளிது. ஆறு திங்கள் கழித்து அப்பக்கத்தைத் திரும்பப் பார்ப்பதே அரிது. அவ்வாறு பார்ப்பவரும் எதனை எண்ணிப் பார்க்கின்றனர் என்பதே என் வினா.

பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற ஆரணியில் பிறந்தவன் நான். கமண்டல நாகநதிக் கரைப் பக்கம் காலையில் நடப்போருள் பலர் இன்று கைப்பேசியைப் பார்த்தவாறே நடக்கின்றனர். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்பது அவர்தம் இலக்கு. இவ்வெண் மருத்துவர் ஆய்ந்து கண்டதன்று. 1965ஆம் ஆண்டு சப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றுக்குப் ‘பத்தாயிரம் அடி அளவி’ எனப் பொருள்படும் பெயரை இட்டனர். அவ்வணிகப் பெயரே நாளடைவில் உலகோர்க்கு விதியாயிற்று! அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட மூதாட்டியரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளும் ஏறத்தாழ 4,400 அடி நடந்தோரிடத்தேயே இறப்பு விகிதம் குறைந்து காணப்பட்டது. 7,500 அடிக்குமேல் கூடுதற்பயன் தென்படவில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் தந்த நெறிமுறையோ அடிகளை எண்ணவே இல்லை. வளர்ந்தோர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு, இரு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்கிறது. செவ்வாயன்று மழை பெய்தால் ஞாயிறன்று ஈடுசெய்யலாம். மனிதரை அறிந்து போட்ட கணக்கு இது.

எங்கள் தெருவில் ஒரு வேடிக்கை உண்டு. குழித்தறியில் அமர்ந்து நாள் முழுதும் மிதிக்கும் நெசவாளரின் கால்கள் எத்தனை ஆயிரம் முறை இயங்குகின்றன! ஆணியில் தொங்கும் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி அதனை அறியாது. மாலையில் அவரைச் சோம்பேறி என்று காட்டுகிறது. அவருக்கு வேண்டுவது இன்னும் பல்லாயிரம் அடிகளா, வளைந்தே கிடந்த முதுகை நிமிர்த்த ஓர் அரைமணியா?

நூற்கணக்கிலும் இதே பிழை நிகழ்கிறது. அதனை இழைத்தவருள் நானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களை வாசிப்பு ஏடு எழுதச் செய்து, ஆண்டிறுதியில் வாங்கிப் பார்த்தேன். ஒருவர் முப்பத்தொரு நூற்பெயர்களை எழுதியிருந்தார், வகுப்பு கைதட்டியது. நெசவாளர் மகளான மாணவி ஒருவர் மூன்றே வரிகள் எழுதியிருந்தார். “இவ்வளவுதானா, அம்மா?” என்று எல்லோர் முன்னும் கேட்டுவிட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. வீட்டில் ஏட்டை நிதானமாகப் பார்த்தபோதுதான் மூன்று வரிகளிலும் ஒரே நூல் இருப்பதைக் கண்டேன். கும்பகோணத்துச் சௌராட்டிர நெசவாளர் வாழ்வைச் சொல்லும் எம். வி. வெங்கட்ராமின் ‘வேள்வித் தீ’ அது. மறுநாள் கேட்டேன். முதன்முறை கதைக்காகப் படித்தாராம். இரண்டாம் முறை தறியிலிருந்த தந்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினாராம். மூன்றாம் முறை, ‘நம் ஊரில் இப்படி இல்லை’ என்று தந்தை மறுத்த இடங்களைக் குறித்துக்கொண்டாராம். முப்பத்தொன்று எழுதியவரிடம் அவற்றுள் ஒன்றைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னேன், அவரால் இயலவில்லை.

இருமுறை கேட்டால் பிழை குறையும், மும்முறை கேட்டால் பிறர்க்கு உரைக்கலாம் என்று நன்னூலில் பவணந்தியார் வகுத்ததை அதே ஆண்டில் அதே வகுப்பில்தான் நடத்திக்கொண்டிருந்தேன்! நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதை 1931இல் நூலகவியலின் முதல் விதியாக வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். எண்ணிக்கை மட்டும் கேட்கும் ஏட்டில் இவ்விருவர் சொல்லுக்கும் இடமில்லை. மறுவாசிப்பு அங்கே சுழியம்.

நெசவாளர் தம் வேலையை முழத்தால் மட்டும் பார்ப்பதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, உடனே முடிந்து இணைக்கிறார். காணாது நெய்துவிட்டால் அக்குறை சேலையின் நீளத்திற்குக் கோடாக ஓடும். பின்னர் எத்தனை முழம் நெய்தும் விலை போகாது. நம் ஏடுகளிலும் அறுந்த இடத்தைக் குறிக்க ஒரு கட்டம் வேண்டும் என்பேன். நடவாத நாள், பாதியில் மூடிய நூல், அதன் காரணம் ஆகியவை அதில் வரட்டும். ஆண்டிறுதியில் அன்று, வாரந்தோறும் அதைப் பார்க்கவேண்டும்.

நானும் அவ்வாறு ஓர் ஏடு வைத்திருக்கிறேன். சென்ற ஆறு திங்களில் முடித்த நூல்கள் ஐந்து; அவற்றுள் ஒன்றை இருமுறை படித்தேன். நடவாத நாள்கள் நாற்பத்தொன்று. பத்துக்கு முழங்கால் வலி காரணம். மற்ற முப்பத்தொன்றுக்கும் ‘சோம்பல்’ என்றே எழுதியுள்ளேன்.