நஞ்சு என்று பெயர் வைத்தவர்கள்

பசு கன்று ஈன்றபின் விழுவதற்குக் கொங்கு நாட்டில் இளங்கொடி என்று பெயர். நாய் வாயில் படாமல் சாக்கில் பொதிந்து, பால் வடியும் ஆலமரக் கிளையில் கட்டுவார்கள்; மாட்டுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. பெண்ணுக்குப் பிரசவமானபின் விழுகிற அதே உறுப்புக்கு நாம் வைத்திருக்கும் பெயர் நஞ்சு. விஷத்துக்கும் அதற்கும் ஒரே சொல். மாட்டுக்குக் கொடுத்த மரியாதையைக்கூட நமக்குக் கொடுக்க மொழிக்கு மனம் வரவில்லை. தொப்புள்கொடி உறவு என்று மேடையில் முழங்குகிறவர்கள், அந்தக் கொடி எதில் வேர்விட்டிருக்கிறது என்று பேசியதும் இல்லை. நிறைமாதத்தில் ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும் அந்த உறுப்புதான் குழந்தைக்கு மூச்சு, சோறு, கழிவு நீக்கம் மூன்றையும் பார்க்கிறது.

இந்தச் சொல் நம் பெண்கள் காதில் அதிகம் விழுவது ஐந்தாம் மாத ஸ்கேனில். "நஞ்சு கீழ இருக்கும்மா. ரொம்ப நேரம் நிக்காதே, வெயிட் தூக்காதே, ரெஸ்ட் எடு." திருப்பூரில் இதைக் கேட்டுவிட்டு வெளியே வருகிறவள் எங்கே போவாள்? பனியன் கம்பெனிக்குத்தான். செக்கிங் டேபிள் முன்னால் நிற்பாள். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வருவது. ஒரு நாள் போகாவிட்டால் சனிக்கிழமைச் சம்பளத்தில் அந்த நாள் இருக்காது.

'ரெஸ்ட் எடு' என்பதுதான் மருத்துவத்திலேயே மலிவான மருந்து. எழுதிக் கொடுப்பவருக்குச் செலவில்லை, முதலாளிக்குச் செலவில்லை. முழு விலையையும் கர்ப்பிணி கொடுக்கிறாள். படுத்தே கிடந்தால் நஞ்சு மேலே ஏறும் என்பதற்கு ஆதாரமும் கிடையாது. பெரும்பாலோருக்குக் கருப்பை வளர வளர அது தானாகவே வாயைவிட்டு விலகிவிடும். விலகியதா என்று 32ஆம் வாரத்தை ஒட்டி மறுபடி பார்த்தாக வேண்டும், அதுதான் முக்கியம். முந்தைய பிரசவம் சிசேரியனாக இருந்து, அந்தத் தழும்பின் மேலேயே நஞ்சு பதிந்திருந்தால், அது கருப்பைச் சுவருக்குள் ஊடுருவிப் பிரிய மறுக்கலாம். முன்கூட்டித் தெரியாமல் பிரசவ மேசையில் தெரியவந்தால் தாயின் உயிருக்கே ஆபத்தான ரத்தப்போக்கு. தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. தழும்போடு அடுத்த பிள்ளைக்குத் தயாராகிறவர்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள். இரண்டாவது ஸ்கேன் ஆடம்பரமல்ல.

இன்னும் முன்னாலேயே பார்க்கவும் வழி இருக்கிறது. டாப்ளர் ஸ்கேன் ரத்தம் ஓடுவதை அலையாகக் காட்டும். தாயின் கருப்பைத் தமனிகள் தளர்ந்து வழிவிடாவிட்டால் பின்னால் ரத்தக் கொதிப்பு வரலாம், குழந்தை வளராமல் நிற்கலாம். 11 முதல் 14 வாரத்துக்குள் டாப்ளரையும் ரத்த அழுத்தத்தையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்து, ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கினால், 37 வாரத்துக்கு முன்பே பிரசவமாகும் அளவுக்கு முற்றுகிற கர்ப்பகால ரத்தக் கொதிப்பு 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியக் கதிரியக்க மருத்துவர் சங்கமே 'சம்ரக்ஷண்' என்ற பெயரில் கர்ப்பிணிகளுக்கு டாப்ளர் பார்க்கும் திட்டம் நடத்துகிறது. மாத்திரை சில்லறைக் காசு. ஆனால் மூன்றாம் மாதத்தில் கர்ப்பம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லவே பயப்படுகிறவள் எந்த நாளில் போய் அந்த ஸ்கேனை எடுப்பாள்? கடைசியில் குழந்தை ஒன்றரைக் கிலோவில் பிறக்கும். "ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டா" என்று மாமியார் முதல் நர்ஸ் வரை சொல்வார்கள்.

ஸ்கேன் சென்டர் சுவரில் ஒரு போர்டு உண்டு: ஆணா பெண்ணா என்று பார்ப்பது குற்றம். 1994இல் வந்த அந்தச் சட்டம் வேண்டும். ஏன் வேண்டும் என்று கொங்கு மண்ணுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்காக ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் எழுதி, பெண்ணிடம் கையெழுத்தும் வாங்குகிறது அரசு. நஞ்சு கீழே இருக்கிறது என்று அதே மெஷின் சொன்னால் அந்தத் தாள் அவள் மஞ்சப்பைக்குள் போவதோடு சரி. கம்பெனியைக் கட்டுப்படுத்தாது.

சட்டத்தைப் பாருங்கள். நீண்ட நேரம் நிற்கும் வேலையைக் கர்ப்பிணிக்குத் தரக்கூடாது என்று 1961 மகப்பேறு நலச் சட்டத்தில் எழுதினார்கள். எப்போதிலிருந்து? பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரமும், அதற்கு முன் ஒரு மாதமும். அதுவும் அவளே கேட்டால். 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அந்தக் கணக்கையே வைத்திருக்கிறது. ஐந்தாம் மாதத்தில் தெரிந்த ஆபத்துக்கு ஏழரை மாதம்வரை காத்திருக்க வேண்டுமாம்.

இதே ஊர்க் கம்பெனிகளில் வெளிநாட்டுக் குழந்தைகளுக்குத் தைக்கும் சட்டைகள் நீடில் டிடெக்டர் வழியாகப் போகின்றன. உடைந்த ஊசியின் ஒவ்வொரு துண்டையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் ஒட்டிக் கணக்குக் காட்டுகிறார்கள். பையர் கேட்டான், செய்கிறார்கள். ஆக, செய்யத் தெரியாதவர்கள் இல்லை.

அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் சதவீதத்தோடு இதையும் எழுதி வையுங்கள். ஸ்கேன் எடுக்கும் நாளுக்குச் சம்பளம். ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து அதே கூலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. பீஸ் ரேட்டில் இருப்பவளுக்கும், காண்ட்ராக்டர் கூட்டிவந்தவளுக்கும், ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவளுக்கும் சேர்த்தே.