மழைக்கு முன் படகு

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் நகரில் 45 செண்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது போதாதென்று, டிசம்பர் 2-ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரையில் வெளியேறிய நீர் தென்பெண்ணையில் கரை புரண்டு, பாகூர்க் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. வயலும் வீதியும் ஒன்றாயின. ராணுவத்தாரும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் படகுகளில் சென்று ஜனங்களைக் கரையேற்றினர். அவர்கள் செய்த உதவியை நாம் நன்றியுடன் நினைக்கிறோம்.

ஆனால் மீட்புப் படை வந்து சேரும் வரையில் கிராமம் என்ன செய்வது? இக்கேள்விக்கு இன்னும் விடை காணவில்லை. அரக்கோணத்திலிருந்து புறப்படும் படை, மூழ்கிய சாலைகளைக் கடந்தல்லவா வரவேண்டும்? மடுகரையைப் போலத் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களுக்கு, முதல் சில மணி நேரம் தம் கையே தமக்கு உதவி. 2018-இல் கேரளத்தில் மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்து, ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தார்கள். கடலோரத்திலிருந்து விலகிய உழவர் ஊர்களில் படகும் இல்லை, படகோட்டியும் இல்லை. ஆகவே, உள்நாட்டுக் கொம்யூன் ஒவ்வொன்றும் ஒரு சிறிய அலுமினியப் படகையேனும் சொந்தமாக வைத்திருக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

படகை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. வாங்கிய நாளில் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, மறுநாளே கொட்டகையில் தள்ளிவிடும் வழக்கத்தை நாம் அறிவோம். அலுமினியம் துருப்பிடிக்காது, அதற்குப் பராமரிப்பு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இரும்பைப் போல் செந்துரு ஏறாது என்பது உண்மையே. ஆயினும் அரிப்பு அதற்கும் உண்டு. ஈரத்துடன் இரும்பு ஆணியோ செம்புத் துண்டோ அதன்மேல் பட்டுக் கிடந்தால், அந்த இடத்தில் தகடு மெல்ல மெல்லக் கரைந்து குழி விழும். ஈரமான சிமெண்டுத் தரையும் அதற்குப் பகையே. வண்டியில் ஏற்றி இறக்கும் அதிர்ச்சியில் ரிவிட்டுகள் தளரும். ஓயாத அதிர்வினால் தகட்டில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். வெள்ளத்தில் முட்புதரிலும் வேலிக் கம்பத்திலும் மோதும்போது அந்த வெடிப்பே வாயாகப் பிளந்துகொள்ளும். பத்துப் பேரை ஏற்றிய பின்பா அடித்தட்டின் யோக்கியதையைச் சோதிப்பது?

சோதனை மிக எளிது. படகைத் தாங்குகட்டைகளின் மேல் நிறுத்தி, உள்ளே சில அங்குல உயரம் தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கெங்கே துளிர்க்கிறதென்று குறித்துக்கொண்டால் போதும். தளர்ந்த ரிவிட்டை இருபுறமும் தாங்கி அடித்து இறுக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் அதை எடுத்துவிட்டுச் சற்றுப் பருமனானதைப் பொருத்தலாம். வெடிப்பின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாது. பின்னர் அதே வகை அலுமினியத் தகட்டை, மூலைகளை வட்டமாக வெட்டி, நீர்புகாப் பசை தடவி, ரிவிட்டு வைத்து ஒட்டுப் போட வேண்டும்.

வெல்டிங் செய்வதாயின் எச்சரிக்கை தேவை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும்; அதன் மேலுள்ள மெல்லிய ஆக்ஸைடு படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். படலத்தைத் தேய்த்து நீக்கி, ஆர்கன் வாயுவின் காப்பில் செய்யத் தெரிந்தவர் கையில்தான் அவ்வேலையை ஒப்படைக்கலாம். இரும்புக் கேட்டுக்குப் பற்றவைக்கும் குச்சி இங்கே உதவாது, தகடுதான் ஓட்டையாகும்.

ஒட்டுப் போடுவதோடு வேலை முடிந்துவிடவில்லை. அந்த இடம் ஏன் வெடித்தது என்று கேட்க வேண்டும். உள்ளே குறுக்குச் சட்டம் ஒடிந்திருக்கலாம். இருக்கைப் பலகை பிடிப்பு விட்டிருக்கலாம். அதைச் சரிசெய்து, தேவையான இடத்தில் புதிய சட்டம் கொடுத்து அடித்தட்டை வலுப்படுத்தாவிடில், பழைய ஒட்டின் ஓரத்திலேயே புதிய வெடிப்பு கிளம்பும். நோயை விட்டுவிட்டுப் புண்ணுக்கு மட்டும் மருந்திடுவதால் பயன் என்ன? இருக்கைக்கு அடியிலுள்ள மிதவை நுரை நீரை உறிஞ்சிக் கனத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

இவையெல்லாம் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. தொழிற்பயிற்சி நிலையங்களில் இளைஞர்கள் வெல்டிங்கும் பொருத்துவேலையும் கற்கிறார்கள். வருஷந்தோறும் புரட்டாசிக்குள் ஒரு படகைச் செப்பனிடுவதை அவர்களது பாடத்தில் ஒன்றாக ஆக்கினால், கற்பவனுக்கும் பயன், ஊருக்கும் காப்பு.

ஆயினும் இதற்குப் பொறுப்பாளி யார்? இங்கேதான் குறை வேரூன்றி நிற்கிறது. புதுச்சேரியில் 1968-க்குப் பின் 38 வருஷங்கள் கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் தெரிந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலமும் 2011-இல் முடிந்துபோயிற்று. ஓட்டுக் கேட்டு வந்து நிற்க வேண்டிய அங்கத்தினர் ஒருவர் இருந்தால், 'படகு ஏன் ஒழுகுகிறது?' என்று அவரை ஜனங்கள் வழிமறித்துக் கேட்பார்கள். அதிகாரி மாற்றலாகிப் போவார். ஊரார்தான் வெள்ளத்தில் நிற்பார்கள்.

மடுகரை வெங்கடசுப்பா ரெட்டியார் போன்ற விடுதலை வீரர்களை ஈன்ற மண் இது. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி வில்லியனூரை அடுத்த கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர், பிரெஞ்சு ஆட்சி நீங்கி இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். தேசத்தின் கதியை நிர்ணயித்தவர்கள் நகரசபைகளின் பிரதிநிதிகளும், பிரதிநிதி சபையினருமே. அந்த மரபில் வந்த கிராமங்களுக்குத் தம் படகைத் தாமே பார்த்துக்கொள்ளும் அதிகாரம் இல்லையென்றால் அது வெட்கத்துக்குரியதாகும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டுமென்பது முதுமொழி. சர்க்கார் கொம்யூன்தோறும் படகுக்கும் அதன் வருஷாந்தரச் செப்பனீட்டுக்கும் பணம் ஒதுக்குக. உள்ளாட்சித் தேர்தலைத் தாமதமின்றி நடத்துக. ஊர் இளைஞர்களும் அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஐப்பசி மழை யாருடைய உத்தரவுக்கும் காத்திராது.