கெம்பஸ் பிள்ளைகள் ஏன் ஊசி போட வரவில்லை?



கடந்த சனிக்கிழமை நம்மூர் தடுப்பூசி நிலையத்தில் பெயர் பதியும் மேசையில் இருந்தேன். ஜூலையில் வாப்பாமாரும் உம்மாமாரும் வந்தபோது கதிரை போதவில்லை. 2021 செப்டெம்பரில் 20 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் முறை வந்தது. கதிரைகள் காலி. கெம்பஸில் படிக்கும் என் பழைய மாணவர்கள் ஆறேழு பேருக்கு அங்கிருந்தே கோல் எடுத்தேன்.

"படித்ததுகளுக்கே அறிவில்லை" என்று ஒரு காக்கா வட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார். அது பிழை. பைசர் ஊசி உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தம்பி எனக்கே விளங்கப்படுத்தினான். ஆனால் அவன் எந்த ஊசியும் போடவில்லை. படிப்பு முடிந்ததும் சவூதிக்குப் போகும் எண்ணம். சினோபாமை மட்டும் அங்கே ஏற்கமாட்டார்கள் என்று பைசருக்காகக் காத்திருக்கிறான். அவன் சொன்னது அப்போது உண்மைதான். ஆனால் சினோபாம் போட்டவர்கள், சவூதி ஏற்ற ஊசி ஒன்றை மேலதிகமாகப் போட்டால் 2021 இல் அனுமதி இருந்தது. விசா வருவதற்கு முன் கொரோனா வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். சிரித்தான்.

இன்னொருவன் கேட்டது இரண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை. "சேர், நம்மட ஜனாஸாவை எரிச்சவங்க நல்லதுக்குத்தான் ஊசி போடுறாங்க எண்டு எப்படி நம்புற?"

இதை அறியாமை என்று சொல்ல முடியுமா? 2020 ஏப்ரலில் வர்த்தமானி போட்டு எரித்தார்கள். நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். பிறந்து 20 நாளான பிள்ளையையும் விடவில்லை. 2021 பெப்ரவரி 25 இல்தான் அடக்க அனுமதி வந்தது. அதன் பிறகும் 2021 இல் மையித்தை ஓட்டமாவடிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் முதலாம் வருடம் படித்த பிள்ளைகள் இவர்கள். இந்தப் பிள்ளைகளின் உம்மாமார் கிளினிக் கார்டைப் பத்திரமாக வைத்து, ஒரு ஊசியும் தவறாமல் போட்டு வளர்த்தவர்கள். ஆகவே பிரச்சினை ஊசியில் இல்லை. சொல்பவர் மீது நம்பிக்கை போய்விட்டது.

அவனுக்கு நான் சொன்னது இதுதான். கொவிட் மையித்தை அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது அதைத்தானே நாம் எல்லோருக்கும் காட்டினோம்? அதே நிறுவனம்தான் மே 7 இல் சினோபாமை அங்கீகரித்தது. அரசாங்கத்தை நம்பாதே, பரவாயில்லை. இதைப் பார். செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்டு செய்யும் பழைய முறை ஊசி அது. நாய்க்கடிக்குப் போடுவதும் அந்த முறையில் செய்வதுதான்.

அடுத்தது பிள்ளைப்பேறு. ஒரு தங்கச்சிக்கு நிகாஹ் பேசியிருக்கிறார்கள். ஊசி போட்டால் பிள்ளை கிடைக்காது என்று ஒரு குரல் பதிவைக் கேட்டுவிட்டு உம்மா விடவில்லையாம். அது எங்கள் குழுவிலும் வந்ததுதான். அனுப்பியவர் வயதில் மூத்தவர் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காக வெட்கப்படுகிறேன். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் கொத்து ரொட்டியில் மலட்டு மருந்து என்று சொல்லித்தானே நம் கடையையும் பள்ளியையும் தாக்கினார்கள்? அது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். நம்மை அடித்த அதே கதையை இன்று நாமே நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்.

அந்த உம்மாவிடம் நான் பேசி என்ன பயன்? என் மனைவி பேசினா. அவ ஏழு மாதக் கர்ப்பிணி, ஜூலையில் இரண்டு ஊசியும் போட்டவ. இரண்டு பேரும் குசினியில் ஒரு மணித்தியாலம் இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை.

தங்கச்சி இன்னும் போடவில்லை. சனிக்கிழமை உம்மாவோடு வருகிறேன் என்றிருக்கிறா. நானும் காலை எட்டரையிலிருந்து மேசையில் இருப்பேன். பிள்ளைகளே, அடையாள அட்டையோடு வாருங்கள். சந்தேகம் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், ஏச மாட்டேன்.