எபிரேயப் ‘போஷ்’: நாணமா, நம்பிக்கை பொய்த்தலா?

எபிரேய மறைநூலின் ‘போஷ்’ என்னும் வினையடி தமிழ் விவிலியத்தில் பெரும்பாலும் ‘வெட்கம்’ எனவே பெயர்க்கப்படுகிறது. ஆடையின்மையைப் பற்றிய ஆதியாகமம் 2:25-இல் இப்பெயர்ப்புப் பொருந்துகிறது. யோபு 6:20-இல் அது போதாது. அங்குத் தேமாவின் வணிகச்சாத்தினர் ஓடையை நம்பி வந்து, அது வறண்டிருக்கக் கண்டு இந்நிலையை அடைகின்றனர். அவர்கள் பழிச்செயல் எதுவும் செய்திலர், நம்பியது கைவிட்டது. சங்கீதம் 25-இன் தொடக்கத்திலும் இச்சொல் நம்புதல், காத்திருத்தல் ஆகிய வினைகளோடு இணைந்தே வருகிறது. பகைவரின் களிப்பும் உடன் சுட்டப்படுகிறது. ஆகவே, பிறர் காண நம்பிக்கை பொய்த்துப்போதலே இவ்விடங்களில் மையப்பொருளாகும்.

திருக்குறளின் ‘நாணுடைமை’ அதிகாரம் போற்றும் நாணமோ பழிக்கு அஞ்சித் தீச்செயலை விலக்கும் பண்பு. அது செயலுக்கு முன்நின்று காப்பது. ‘போஷ்’ நம்பிக்கை முறிந்தபின் நேர்வது. முன்னது உடைமை, பின்னது இழப்பு. இவ்வேறுபாட்டைக் கருதாது எங்கும் ‘வெட்கம்’ என்றே பெயர்த்தால், கைவிடப்படாமை வேண்டும் மன்றாட்டு, மானங்காக்கும் வேண்டுதலாகச் சுருங்கிவிடும். இடம்நோக்கி ‘ஏமாற்றமுறுதல்’, ‘நம்பிக்கை பொய்த்துத் தலைகுனிதல்’ எனப் பெயர்ப்பதே மூலத்திற்கு நேர்மை செய்வதாகும். விவிலியத்தையும் குறளையும் ஒப்பிடும் ஆய்வுகள் பெயர்ப்புச்சொல்லின் ஒற்றுமையைக் கருத்தொற்றுமையாகக் கொள்ளுதல் தகாது.