துரத்தியபின் உசாவுவதோ முறை?

ஆராயாது கொலைக்கு ஆணையிட்டான் பாண்டியன். கோவலன் வெட்டுண்டு வீழ்ந்த பின்னரே கண்ணகியின் வழக்கு அவன் அவையேறிற்று. சிலம்பு உடைந்தது, உண்மை விளங்கிற்று, ஆயினும் மாண்டவன் மீண்டானல்லன். இது பழங்கதை என்று எண்ணுவார் எண்ணுக. சட்டத்தின் தாயகம் எனத் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் ஆங்கில நாட்டில், தண்டித்தபின் உசாவும் அதே கொடுமை ஈழத்தமிழர்மேல் நடத்தப்பெற்றது.

1983ஆம் ஆண்டின் இனக்கொலைக்குப் பின் ஈழத்தமிழர் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு பல நாடுகளுக்கும் ஓடினர். இலண்டன் ஈத்துரோ வானூர்தி நிலையத்தில், 1987 பிப்பிரவரியில், ஏறத்தாழ அறுபது தமிழரைத் திருப்பியனுப்ப முற்பட்டனர். அவர்களுட் பலர் ஓடுதளத்தில் ஆடை களைந்து நின்று மறுத்தனர். மானத்தை உயிரினும் பெரிதெனப் போற்றும் இனத்தான், கொட்டும் பனிக்காலத்தில் அயலார் கண்முன் ஆடை களைகின்றான் எனின், அவன் எத்தகைய இடரை அஞ்சினான் என்று உணர்க!

அவ்வாண்டிலேயே தமிழர் வழக்குகள் முறைமன்றம் ஏறின. அக்தோபரில் மேன்முறையீட்டு மன்றம் தமிழர்பக்கம் சாய்ந்தது. ஆனால் திசம்பரில் பெருமக்களவை அதனை மாற்றிற்று. தமிழன் அஞ்சுகின்றான் என்பது போதாதாம். அவ்வச்சத்துக்கு மெய்யான இடர் உண்டா என்பதை உள்துறை அமைச்சரே எடைபோடுவாராம். அமைச்சர் சட்டவழி நின்றாரா, அறிவுக்கு ஒத்தவாறு நடந்தாரா என்று மட்டுமே முறைமன்றம் பார்க்குமாம்; அவர் முடிவு மெய்யா பொய்யா என்று பார்க்காதாம். துலாக்கோலின் நாவை மட்டும் நோக்கித் தட்டில் இட்ட பொருளை நோக்காத வணிகத்தை எவரேனும் ஒப்புவரோ?

1988 பிப்பிரவரியில் ஐந்து தமிழிளைஞர் இலங்கைக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்களுக்கு மேன்முறையீட்டுரிமை இல்லாமலில்லை, இருந்தது! ஆனால் நாட்டைவிட்டு வெளியேறிய பின்னரே அதனைப் பயன்படுத்தலாம் என்பது சட்டம். நெருப்பில் இட்டபின், சுடுகின்றதா என்று கேட்டு எழுதச் சொல்லும் சட்டம் அது.

அவர்கள் அங்கிருந்தே முறையிட்டனர். 1989 மார்ச்சில் மேன்முறையீட்டு நடுவர், அவர்தம் அச்சம் மெய்யே என்றும், அவர்களைத் திரும்ப அழைத்தல் வேண்டும் என்றும் தீர்த்தார். அதற்குள் ஐவருள் மூவர் கொடுமைக்கு ஆளாகியிருந்தனர். தன் பிழை கண்ட பாண்டியன் உயிரையே விலையாகத் தந்தான். ஆங்கில உள்துறையோ அந்நடுவர் ஆணையையும் எதிர்த்து வழக்காடிற்று! 1989 அக்தோபரிலேதான் அவ்விளைஞர் இலண்டன் மீண்டனர்.

வழக்கு ஐரோப்பிய மாந்தவுரிமை முறைமன்றம் வரை சென்றது. 1991 அக்தோபரில் அம்மன்றமும் தமிழரைக் கைவிட்டது. மூவர் துன்புறுத்தப்பட்டதை ஒப்பிக்கொண்டே, அனுப்பியது குற்றமன்று என எட்டு நடுவர் கூறினர், மறுத்தவர் ஒருவரே. அமைச்சர் முடிவை முறைமன்றம் மேலோட்டமாகப் பார்த்ததே போதிய காப்பு என எழுவர் கூறினர், இருவர் மறுத்தனர். எண்ணிக்கையில் சிறியரேனும் முறையில் பெரியர் அம்மறுத்தவரே.

எல்லையைக் காக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டன்றோ என்பர் சிலர். உண்டு. வாயிற்காப்போன் வந்தவனை யாரென்று கேட்கலாம்; கேளாமலே புலிக்குகையில் தள்ள அவனுக்கு உரிமையில்லை. ஆங்கிலரே 1993இல், புகலிடம் வேண்டுவோர் உள்நாட்டிலிருந்தே மேன்முறையிடச் சட்டம் இயற்றினர். பின்னர் 2014இல், வேறு சிலர்க்கு, முதலில் வெளியேற்றிப் பின்னர்க் கேட்கும் பழைய முறையை மீண்டும் புகுத்தினர். அங்ஙனம் அயலிலிருந்து முறையிடுவது பயனற்றது என்று அவர்தம் தலைமை முறைமன்றமே 2017இல் அதனைத் தடுத்தது. தமிழிளைஞர் 1988இல் உடலால் அறிந்த உண்மையை நடுவர் உணர இருபத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

தில்லியின் நிலை இதனினும் தாழ்வு. ஏதிலியர் பற்றிய 1951ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையில் இந்தியா இன்றளவும் சேரவில்லை. அயலாரை வெளியேற்றும் அரசின் உரிமை அளவற்றது என்று 1955இல் செருமானியர் ஒருவர் வழக்கில் தலைமை முறைமன்றம் தீர்த்தது. 2025 மேத்திங்களில் ஈழத்தமிழர் ஒருவர் வேண்டுகையைத் தள்ளியபோது, இந்நாடு அறச்சாவடியன்று என்னும் சொல் நடுவர் வாயினின்றே வந்தது. தமிழகத்தில் நாற்பதாண்டுகளாக ஒதுங்கியிருக்கும் நம் உடன்பிறப்புகள் சட்டத்தின் நிழலில் இல்லை. ஆள்வோரின் இரக்கத்தின் நிழலில் இருக்கின்றனர். அந்நிழல் எப்பொழுதும் மாறலாம்.

ஆகவே தமிழர் கேட்க வேண்டுவது இரக்கமன்று, முறை. அனுப்புமுன் உசாவுக! அமைச்சர் சொல்லை மட்டுமன்றி, அஞ்சியவன் சொல்லையும் அவன் மொழியிலேயே கேட்டு எடைபோடுக! அதுவரை ஒருவனையும் கப்பலேற்றாதொழிக! இம்மூன்றையும் சட்டமாக்கும்வரை ஓய்வது, மதுரையில் நீதி கேட்ட மங்கையின் மரபில் வந்தோர்க்கு இழுக்காகும்.